‘எத்தனை யூனிட் போடலாம்?’: டைப் 1 குழுக்களின் பலமும் பலவீனமும்

டைப் 1 நீரிழிவு உள்ளவர் மருத்துவரைப் பார்ப்பது பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உட்கார்ந்து பேசக் கிடைப்பது பத்து நிமிடம், கூட்டம் இல்லாத நாளில் இருபது. மிச்ச நேரமெல்லாம் வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது. காலையில் மூன்று இட்லிக்கு எத்தனை யூனிட், பி.டி. பீரியட் உள்ள நாளில் எவ்வளவு குறைப்பது, படுக்கப் போகும்போது சர்க்கரை 95 இருந்தால் எதையாவது கொடுத்துத் தூங்க வைப்பதா, கல்யாண வீட்டில் ஊசி போட்ட பிறகு பந்தி தள்ளிப்போனால் என்ன செய்வது? இதில் எதையும் மருந்துச் சீட்டில் எழுதிவிட முடியாது. டைப் 1 குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வளர்ந்திருப்பது இந்த இடைவெளியில்தான்.

மருத்துவர்களில் சிலர் இந்தக் குழுக்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பெற்றோரில் பலரோ, குழு இல்லாவிட்டால் அந்த முதல் வருடத்தைத் தாண்டியிருக்கவே மாட்டோம் என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ‘எப்படி’ என்று சொல்லித்தருகிற வரைக்கும் குழு உயிரைக் காப்பாற்றுகிறது. ‘எத்தனை’ என்று சொல்லத் தொடங்கியதும் அதே குழு உயிரோடு விளையாடத் தொடங்குகிறது. என் கணிப்பில் கோடு விழுவது அங்கேதான்.

டைப் 1 என்பது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடும் நோய். தின்ற இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடைப்பயிற்சியோ பாகற்காய்ச் சாறோ அழிந்த செல்களைத் திரும்பக் கொண்டுவராது. 1922 ஜனவரியில் டொரோண்டோ மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்படும்வரை, இந்த நோய் வந்த குழந்தைக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்டவர்களில் மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு டைப் 1 இருக்கிறது. ஆனாலும் ஒரு தெருவில், ஒரு பள்ளியில் அந்தக் குழந்தை அநேகமாகத் தனி ஆள். ‘எங்க மாமாவுக்கும் சுகர்தான், மாத்திரையிலேயே இருக்கார்’ என்று நல்ல மனதோடு சொல்பவர்களுக்கு நடுவில்தான் அது வளர்கிறது. சுற்றிலும் சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நாட்டில் டைப் 1 உள்ளவருக்கு வரும் தனிமை விசித்திரமானது. அதைக் குறைக்க இன்னொரு டைப் 1 குடும்பத்தால்தான் முடியும்.

இந்தப் பழக்கம் வாட்ஸ்அப்போடு பிறந்ததும் இல்லை. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் ஆர்.டி. லாரன்ஸ், தானே இன்சுலினால் உயிர் பிழைத்தவர். நோய் முற்றி, சாகும் எண்ணத்தோடு இத்தாலியின் ஃபிளாரன்ஸில் போய் இருந்தவரை 1923இல் திரும்ப அழைத்து இன்சுலின் கொடுத்தார்கள். அவரும் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸும் சேர்ந்து 1934இல் தொடங்கிய சங்கம்தான் இன்றைய ‘டயாபடீஸ் யூகே’. வெல்ஸுக்கும் நீரிழிவு இருந்தது. அந்தத் தொடக்கத்தில் கவனிக்க வேண்டியது, நோயாளியும் மருத்துவரும் ஒரே ஆளாக அங்கே இருந்தார்கள் என்பது. அனுபவமும் பயிற்சியும் பிரியாமல் இருந்தன. நம் குழுக்களில் அவை பிரிந்து கிடக்கின்றன.

முதலில் பலத்தைப் பேசலாம், அது சாதாரணமானதல்ல. மருத்துவமனையிலிருந்து ‘டிஸ்சார்ஜ்’ ஆகி வந்த முதல் வாரத்தில் ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியவை ஏராளம். இன்சுலினை ஃப்ரிட்ஜின் கதவில் வைக்கலாம், ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானையில் ஈர மணலைக் கொட்டி, நடுவே சின்னப் பானையை இறக்கி, தண்ணீர் படாத டப்பாவில் குப்பியைப் போட்டு வைத்தால் கோடையிலும் தாக்குப்பிடிக்கும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலடியில் கட்டி விழுந்து மருந்து சரியாக ஏறாது. சுகர் 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். சாக்லேட் கொடுத்தால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இவையெல்லாம் பாடநூலில் இருப்பவைதான். ஆனால் நடுராத்திரியில் கைநடுக்கத்தோடு இருக்கும் தாய்க்கு, அதே நடுக்கத்தைக் கடந்துவந்த இன்னொரு தாய் சொல்லும்போதுதான் அவை மனதில் நிற்கின்றன.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் குழுக்கள் பெரிய காரியம் செய்கின்றன. நம் நாட்டில் குப்பியில் வரும் பழைய வகை இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். பென்னுக்குள் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. வெளியூரில் பென் சிக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். அவசரத்துக்கு மருந்துக்கடையில் கிடைத்த சிவப்பு மூடி சிரிஞ்சை வாங்கி, கார்ட்ரிட்ஜிலிருந்து 10 கோடு வரை உறிஞ்சிப் போடுகிறார்கள். உள்ளே போனது 10 யூனிட் இல்லை, 25 யூனிட். ஒரு குழந்தையைக் கோமாவில் தள்ள அது போதும். கடைக்காரருக்குப் பல நேரம் இது தெரியாது, சீட்டிலும் எழுதியிருக்காது. ‘மூடி நிறத்தைப் பார்த்து வாங்குங்க’ என்று குழுவில் ஒருவர் படம் போட்டுச் சொல்வது எத்தனை வீடுகளில் விபத்தைத் தடுத்திருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

காய்ச்சல், வாந்தி நாட்களும் அப்படித்தான். ‘புள்ள ஒண்ணும் சாப்பிடல, அப்புறம் எதுக்கு ஊசி?’ என்று பாட்டி கேட்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் உடம்பு முடியாத நாளில்தான் பெரும்பாலும் இன்சுலின் தேவை கூடுகிறது. நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் ஏறி அமிலம் மிகுந்துவிடும். வயிற்றுவலி, வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாடை ஆகியவை அதன் அறிகுறிகள். ‘ஃபுட் பாய்சன்’ என்று தவறாக நினைத்து ஒரு நாள் காத்திருந்தால் உயிர் போகலாம். ‘உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, போகும்போதே டைப் 1ன்னு சொல்லுங்க’ என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொல்லும்போது குழு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

போலி வைத்தியத்துக்கு எதிராகவும் குழுக்கள் காவல் நிற்கின்றன. நோய் கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தேறிக்கொள்ளும். ஊசியின் அளவு பாதியாகும், சிலருக்கு அதைவிடவும் குறையும். மருத்துவர்கள் இதை ‘ஹனிமூன்’ காலம் என்பார்கள். சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நீடித்து முடிந்துபோகும். ‘சர்க்கரையை வேரோடு அறுக்கிறேன்’ என்று சூரணம் விற்பவர் பெயர் வாங்குவது இந்த இடைவெளியில்தான். பெற்றோரும் கண்ணால் பார்த்த பலனை நம்பி ஊசியை நிறுத்துகிறார்கள். அடுத்து நடப்பது தீவிர சிகிச்சைப் பிரிவு. ‘எங்க பையனுக்கும் நாலு மாசம் இப்படித்தான் குறைஞ்சுது, பிறகு ஏறிடுச்சு, நிறுத்தாதீங்க’ என்று சொல்ல, அந்தப் பாதையில் நடந்தவரால்தான் முடியும். மருத்துவர் சொன்னால் ‘இங்கிலீஷ் மருந்து விற்கிறார்’ என்ற சந்தேகம் வரும். சக பெற்றோர் மேல் அந்தச் சந்தேகம் எழுவதில்லை.

இந்த நம்பிக்கைதான் குழுவின் முதலீடு, அதன் ஆபத்தும் அங்கிருந்தே கிளம்புகிறது. நான் பார்த்த குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: ‘இப்ப 320 இருக்கு, எத்தனை யூனிட் போடலாம்?’ நிமிடத்துக்குள் பதில்கள் விழும். ‘நாங்க 3 போடுவோம்.’ ‘எங்க பொண்ணுக்கு 5 போட்டாத்தான் இறங்கும்.’ சொல்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள், தூக்கத்தை விட்டுவிட்டு உதவ வந்தவர்கள். ஆனாலும் அந்தப் பதில்கள் ஆபத்தானவை. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு யூனிட் வேக இன்சுலின் ஒருவருக்குச் சர்க்கரையை எவ்வளவு இறக்கும் என்று உத்தேசமாகக் கணிக்க, 1800ஐ அவருடைய ஒரு நாளின் மொத்த இன்சுலின் அளவால் வகுப்பது மருத்துவர்களின் வழக்கம். ஒரு நாளைக்கு 50 யூனிட் போடும் கல்லூரி மாணவருக்கு ஒரு யூனிட்டில் 36 இறங்கும். 14 யூனிட் போடும் ஆறு வயதுக் குழந்தைக்கு அதே ஒரு யூனிட்டில் கிட்டத்தட்ட 130 இறங்கும். மாணவரின் 320ஐ 5 யூனிட் 140க்குக் கொண்டுவரும். குழந்தையின் 320க்கு 5 யூனிட் என்பது 650ஐ இறக்கக்கூடிய அளவு, இருப்பதைவிட இரண்டு மடங்கு. இதோடு முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் போட்ட ஊசி உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அதன் மேல் இன்னொன்று போட்டால் இரண்டும் சேர்ந்து விடியற்காலையில் இழுக்கும். சாயங்காலம் ஓடியாடினதா, சாப்பிட்டது பொங்கலா தோசையா, கை கழுவாமல் மாம்பழச் சாறோடு விரலைக் குத்தினார்களா என்று கேட்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. இவற்றைக் கேட்காமல் எண்ணை மட்டும் சொல்பவர், அந்தக் குழந்தையைப் பார்க்காமலேயே மருந்துச் சீட்டு எழுதுகிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு குழுப் பண்பாடும் உலகில் இருக்கிறது. 2013இல் அமெரிக்கத் தந்தை ஜான் காஸ்டிக், தன் சின்ன மகனின் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் காட்டும் அளவை வேலையிடத்திலிருந்தே பார்க்க ஒரு நிரல் எழுதினார். அதுவும் வேறு சிலரின் முயற்சிகளும் சேர்ந்து ‘நைட்ஸ்கௌட்’ ஆயின. ‘நாங்கள் காத்திருக்கப் போவதில்லை’ என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். அடுத்து, தனக்கே டைப் 1 உள்ள டானா லூயிஸும், ஸ்காட் லைப்ராண்ட், பென் வெஸ்ட் ஆகியோரும், சென்சார் அளவைப் பார்த்து இன்சுலின் பம்ப்பின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘ஓபன் ஏபிஎஸ்’ அமைப்பைக் கட்டி, அதன் வழிமுறையை 2015இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அங்கே ஒரு கறாரான வழக்கம் உண்டு: கட்டி முடித்ததை யாரும் யாருக்கும் கையில் கொடுப்பதில்லை. அவரவர் படித்து, அவரவர் அமைத்து, தன் அளவுகளைத் தானே உள்ளிட வேண்டும். சந்தேகம் கேட்டால் எத்தனை இரவானாலும் விளக்குவார்கள், எண்ணை மட்டும் இட்டுத்தர மாட்டார்கள்.

இந்த அணுகுமுறைக்கு விலையும் உண்டு, பலனும் உண்டு. 2019இல், இப்படி அனுமதியில்லாத கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்திய ஒருவருக்கு அளவுக்கு மீறிய இன்சுலின் போனதைச் சுட்டி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 2022இல் நியூசிலாந்தில் 97 பேரிடம் முறைப்படி நடத்திய ஆய்வு வெளியானது. நோயாளிகளே உருவாக்கிய முறையில் இருந்தவர்களின் சர்க்கரை, மற்றவர்களைக் காட்டிலும் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக 70க்கும் 180க்கும் இடையில் நின்றது. தாமாக முன்வந்து கற்ற நோயாளிகள் மருத்துவ உலகத்தையே முன்னுக்கு இழுத்த அரிய நிகழ்வு இது. அதே நேரம் பம்ப்பும் சென்சாரும் கணினியும் ஆங்கிலமும் உள்ளவர்களுக்கே அந்தக் கதவு திறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் குழுக்களிலும் இந்த ஓரவஞ்சனை ஓசையில்லாமல் நடக்கிறது. இரண்டு வாரம் ஓடும் ஒரு சென்சாரின் விலை சில ஆயிரம் ரூபாய். சென்சார் உள்ளவர்கள் வரைபடம் போடுகிறார்கள், பேச்சு அவர்களைச் சுற்றியே சுழல்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசக் குப்பி வாங்கி, ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாமல் நாளுக்கு ஒருமுறை மட்டும் குத்திப் பார்க்கும் தாய் அங்கே இருந்தாலும் வாய் திறப்பதில்லை. பெரும்பாலும் அவர் குழுவிலேயே இல்லை. குழுவின் ஆலோசனை யாருக்கு மிக அதிகம் தேவையோ அவரிடம் அது போய்ச் சேர்வதில்லை. இதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை.

அடுத்தது மதிப்பெண் மோகம். ஏ1சி எனப்படும் மூன்று மாத சராசரி 5.8 வந்தது என்று ஒருவர் அறிக்கையைப் படம் பிடித்துப் போடுவார். நூறு கைதட்டல்கள் விழும். 9.2 வந்தவர் அன்று முழுக்கப் பேச மாட்டார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாள் போல ஆகிவிடுகிறது. 1993இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்று, 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரக, நரம்புப் பாதிப்புகள் பெருமளவு குறையும் என்று நிறுவியது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியை. அதே ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு: கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கும் ஆபத்து மூன்று மடங்கு. 5.8க்குப் பின்னால் எத்தனை ‘லோ’ இருந்தது, எத்தனை இரவுகள் அம்மா தூங்கவில்லை என்பதைக் கேட்காமல் கைதட்டக் கூடாது.

இந்த மோகத்தின் முழுச் சுமையும் விழுவது பதின்வயதுப் பிள்ளைகள் மேல். தன் அளவை, தன் படத்தை, தான் மாதவிலக்கான நாளின் சர்க்கரையைக்கூட அம்மா முன்பின் தெரியாதவர்கள் உள்ள குழுவில் போடுகிறாள் என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவரும் நாளில், அவள் பொய் அளவு எழுதத் தொடங்குவாள். அந்தப் பொய் அளவை நம்பி மருத்துவர் ஊசியை மாற்றுவார். நாளை பெண் பார்க்க வருபவரின் உறவினர் அதே குழுவில் இருக்கக்கூடும் என்ற பயமும் நம் ஊரில் வெறும் கற்பனையில்லை. குழந்தையின் நோய் குழந்தைக்குச் சொந்தம். அதைப் பகிரும் உரிமை பெற்றோருக்குத் தானாக வந்துவிடுவதில்லை.

இத்தனை குறைகள் இருப்பதால் குழுவே வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிடத்தில் ஆளை அனுப்பிவிட்டு, ராத்திரி தொலைபேசியையும் எடுக்காமல், ‘வாட்ஸ்அப்பில் கேட்காதீங்க’ என்று மட்டும் சொல்வது பொறுப்பான பேச்சில்லை. கேள்வி குழுவுக்குப் போகக் காரணமே வேறு எங்கும் பதில் இல்லாததுதான்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனியின் டுஸல்டார்ஃபில் தொடங்கிய ஒரு பயிற்சி முறையை இங்கிலாந்தில் ‘டாஃப்னே’ என்ற பெயரில் எடுத்துச் செய்தார்கள். டைப் 1 உள்ள ஆறு முதல் எட்டு பேர், ஐந்து நாட்கள், பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியல் நிபுணரும். ஒவ்வொருவரும் தன் தட்டில் உள்ள மாவுச்சத்தை எண்ணி, தன் விகிதத்தைத் தானே கண்டுபிடித்து, அடுத்த வேளை அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளப் பழகுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் தவறும் பாடமாகிறது. 2002இல் வந்த ஆய்வில், இப்படிக் கற்றவர்களின் ஏ1சி ஆறு மாதத்தில், கற்கக் காத்திருந்தவர்களைவிட ஒரு சதவீதம் குறைவாக இருந்தது. பிடித்த உணவைச் சாப்பிடும் சுதந்திரமும் கூடியது. சக நோயாளியின் துணையும் பயிற்சி பெற்றவரின் கண்ணும் ஒரே அறையில் இருந்ததே அதன் வெற்றி. அங்கே நோக்கம் எண் சொல்வதல்ல, எண்ணைக் கண்டுபிடிக்கக் கற்பிப்பது.

நம் நாட்டிலும் தொடக்கங்கள் உண்டு. பக்கத்து மாநிலமான கேரளம் ‘மிட்டாய்’ என்ற திட்டத்தின் கீழ் டைப் 1 குழந்தைகளுக்குப் பென், சென்சார், பம்ப் வரை அரசே கொடுக்க முன்வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022இல் டைப் 1க்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொதுத் தேர்வு அறைக்குள் இனிப்பு, பழம், தண்ணீர் எடுத்துச்செல்ல சிபிஎஸ்இ 2017இலேயே அனுமதி தந்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்று சண்டை போட்டு உரிமையை வாங்கித் தருபவர்கள் இந்தக் குழுக்களின் பெற்றோர்களே. அரசு ஒரு அடி வைத்தால் அதை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள்பலம் அவர்களிடம் இருக்கிறது.

ஆகவே குழு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘எத்தனை யூனிட்?’ என்ற கேள்வி வந்தால் எண்ணைச் சொல்லாதீர்கள். கடைசி ஊசி எப்போது, எடை என்ன, மருத்துவர் எழுதிக்கொடுத்த விகிதம் எது, கீட்டோன் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வாந்தி என்றால் கிளம்பச் சொல்லுங்கள். குழந்தைகளின் பெயரும் படமும் வேண்டாம் என்பதை முதல் விதியாக ஒட்டிவையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் நீரிழிவுத் துறைகளிடம் இன்னொரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு அறையையும் ஒரு செவிலியரையும் டைப் 1 குடும்பங்களுக்காக ஒதுக்குங்கள், இருபது வருடம் ஊசி போட்டு நன்றாக வாழ்பவர்களை அங்கே உட்கார வையுங்கள். அந்த அறைக்கு, ஸ்மார்ட்போன் இல்லாத தாயை வார்டிலிருந்து கையைப் பிடித்து அழைத்து வருவதை இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கும் நாம் செய்ய வேண்டும்.